யார் இந்த புச்சி பாபு? பேட் பிடிச்சா கை நடுங்குற பசங்களுக்கு இவர் கதை ஏன் தேவை?

கும்மிடிப்பூண்டி சிப்காட், பொன்னேரி, திருவள்ளூர்... ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தப் பக்கம் போனால், காலி இடம் கிடைத்த இடமெல்லாம் கிரிக்கெட்தான். டென்னிஸ் பாலில் சிக்ஸர் சிக்ஸரா அடிக்கிற பையன், ஸ்டிச் பால் எதிரே வந்ததும் ஸ்டம்பை விட்டு ஒதுங்குவான். இரவல் பேட், இரவல் ஹெல்மெட். எதிர் டீம் சென்னை கிளப் என்றால் பாதி விக்கெட் அங்கேயே போச்சு. பயப்படாம ஆடுடா என்று கோச் கத்துவார். கத்தினால் பயம் போயிடுமா?

இந்தக் கேள்விக்கு 120 வருஷத்துக்கு முன்னாடியே ஒரு சென்னைக்காரர் பதில் கண்டுபிடித்தார். அவர்தான் புச்சி பாபு நாயுடு. தென்னிந்திய கிரிக்கெட்டின் தந்தை என்று இவரைச் சொல்வார்கள்.

யார் இவர்?

முழுப்பெயர் மோத்தவரப்பு வெங்கட மகிபதி நாயுடு. பிறந்த வருஷம் 1868. இவரை வளர்த்த தாத்தா, பாரி கம்பெனியின் துபாஷ், அதாவது வெள்ளைக்கார வியாபாரிக்கும் ஊர்க்காரர்களுக்கும் நடுவில் பேசி வேலையை முடிக்கிறவர். பெரிய பணக்காரர். மயிலாப்பூர் லஸ்ஸில் பங்களா வாழ்க்கை. சின்ன வயதிலேயே சேப்பாக்கத்தில் வெள்ளைக்காரர்கள் ஆடும் கிரிக்கெட்டைப் பார்த்து வளர்ந்தவர் புச்சி பாபு.

சேப்பாக்கத்தில் என்ன பிரச்னை?

சேப்பாக்கம் மைதானம் அப்போது மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் கையில் இருந்தது. 1846-ல் தொடங்கிய அந்த கிளப்பில் இந்தியர்கள் உறுப்பினராக முடியாது. ஆடப் போனாலும் பெவிலியனில் இடமில்லை. வெள்ளைக்காரர்கள் உள்ளே உட்கார்ந்து சாப்பிடுவார்கள், இந்தியர்கள் வெளியே மரத்தடியில்.

யோசித்துப் பாருங்கள். மரத்தடியில் சாப்பிட்டு எழுந்த பையன், அதே ஆட்களின் பந்துவீச்சை எதிர்த்து நிற்க வேண்டும். பந்து வருவதற்கு முன்னாடியே அவன் மனசில் பாதி தோற்றிருப்பான். இங்கே குறை பையனிடம் இல்லை, அவனை நிறுத்தி வைத்த இடத்தில் இருந்தது.

புச்சி பாபு என்ன செய்தார்?

தைரியமா ஆடுங்கள் என்று அறிவுரை சொல்லிவிட்டு அவர் போகவில்லை. தைரியம் வருவதற்கான வசதியைச் செய்தார்.

முதலில், சொந்த இடம். 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப் தொடங்கினார். சென்னையில் இந்தியர்களுக்கென்று உருவான முதல் கிரிக்கெட் கிளப் இதுதான். எஸ்பிளனேடு பகுதியில் அவர்களுக்கு ஒரு மைதானம் அமைந்தது. இனி யாருடைய மரத்தடியும் தேவையில்லை.

அடுத்து, சாமான். திறமையுள்ள இளைஞர்களைத் தேடிப் பிடித்து, கைக்காசு போட்டு நல்ல ஆட்டச் சாமான் கொடுத்துப் பயிற்சிக்கு வழி செய்தார். இரவல் பேட்டோடு போய் நிற்கிற கூச்சம் போச்சு.

மூணாவது, பலமான எதிரி. இதுதான் முக்கியம். தங்களுக்குள்ளேயே ஆடிக்கொண்டிருந்தால் பயம் போகாது என்பது அவருக்குப் புரிந்தது. பம்பாயில் பார்சிகள் 1890-லேயே இங்கிலாந்திலிருந்து வந்த வெர்னான் அணியைத் தோற்கடித்திருந்தார்கள். 1892 முதல் அங்கே ஐரோப்பியர்களோடு வருஷா வருஷம் மோதினார்கள். மெட்ராஸிலும் அப்படி ஒரு போட்டி வேண்டும் என்று புச்சி பாபு பேசிப் பேசி, மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பைச் சம்மதிக்க வைத்தார். ஒருமுறை ஆடித் தோற்றால் அவமானம் மட்டும்தான் மிஞ்சும். வருஷா வருஷம் ஆடினால், இந்த வருஷம் டக் அவுட் ஆனவனுக்கு அடுத்த வருஷமும் வாய்ப்பு இருக்கும்.

கனவு நடக்கிறதைப் பார்த்தாரா?

இல்லை. 1908 டிசம்பரில் முதல் ஆட்டத்துக்கு எல்லாம் தயார். ஆட்டத்துக்குச் சில நாள் முன்பு புச்சி பாபு இறந்துபோனார். வயது 40.

ஆனால் அவர் தொடங்கி வைத்தது நிற்கவில்லை. இந்தியர் - ஐரோப்பியர் மோதல் தொடர்ந்தது. 1915-ல் அதற்கு முதல்தர ஆட்டம் என்ற அந்தஸ்து கிடைத்தது. பிறகு பொங்கல் மேட்ச் என்றே பெயர் வாங்கி, ஊரையே சேப்பாக்கத்துக்கு இழுத்தது.

மகன் அடித்த ரன்

அப்பா இறந்தபோது கோட்டா ராமஸ்வாமிக்கு வயது 12. தாய்வழிக் குடும்பத்துக்குத் தத்துப் போனதால் பெயர் மாறிய மகன் இவர். அண்ணன்களைப் போலவே இவரும் கிரிக்கெட்டில் இறங்கினார். டென்னிஸும் ஆடினார், 1922-ல் டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்காக இறங்கினார்.

1936-ல் இங்கிலாந்தின் ஓல்டு டிராஃபோர்டில் முதல் டெஸ்ட் வாய்ப்பு. அப்போது வயது 40. அப்பா இறந்த அதே வயது! பெரும்பாலானோர் ஆட்டத்தை விட்டு ஒதுங்கும் வயதில், இந்த இடதுகை பேட்ஸ்மேன் முதல் இன்னிங்ஸில் 40 ரன் எடுத்தார். இந்தியா 203-க்கு ஆல் அவுட். இங்கிலாந்து 571 குவித்தது. 368 ரன் பின்தங்கிய நிலையில், இரண்டாவது இன்னிங்ஸில் மெர்ச்சன்ட்டும் முஷ்டாக் அலியும் சதம் அடிக்க, ராமஸ்வாமி 60 எடுத்தார். மேட்ச் டிரா. அடுத்து ஓவலில் 29, ஆட்டமிழக்காமல் 41. ஆடியது ரெண்டே டெஸ்ட், சராசரி 56.66.

இன்றைக்கு என்ன இருக்கிறது?

1909-ல் அவர் நினைவாகத் தொடங்கிய புச்சி பாபு கோப்பை இன்றும் நடக்கிறது. 2024-ல் பிசிசிஐ ஒப்பந்தத்தை இழந்த இஷான் கிஷன், சிவப்புப் பந்து ஆட்டத்துக்குத் திரும்பியது இந்தத் தொடரில்தான். திருநெல்வேலி சங்கர் நகரில் ஜார்க்கண்டுக்காக இறங்கி 114 அடித்தார்.

கும்மிடிப்பூண்டி பையனுக்கும் இதே கணக்குதான். ஸ்டிச் பாலைப் பார்த்து ஒதுங்குறவனைத் திட்டுவதற்கு முன்னாடி, அவனுக்குப் பொருந்தும் பேடும் ஹெல்மெட்டும் இருக்கிறதா என்று பார்க்கணும். வாரம் ரெண்டு நாளாவது ஸ்டிச் பாலில் பயிற்சி கொடுக்கணும். பலமான டீமோடு வருஷத்துக்கு ஒண்ணு இல்லை, நாலு மேட்ச் போடணும். முதல் மேட்ச்சில் டக் அவுட் ஆனாலும் அடுத்த மேட்ச்சில் அவன் பெயர் லிஸ்ட்டில் இருக்கும்னு முன்கூட்டியே சொல்லணும். அப்புறம் பாருங்கள், கால் தானா ஸ்டம்புக்கு முன்னாடி வரும்.