பீற்றர் லோரே: அந்நியனாகவே நடித்து முடித்த ஓர் அகதி

போர் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு, நண்பர் ஒருவரின் மடிக்கணினியில்தான் ‘கஸபிளாங்கா’ படத்தை முதன்முதலாகப் பார்த்தேன். 1942 இல் வெளிவந்த கறுப்பு வெள்ளைப் படம். உலகம் அதை ஒரு காதல் கதையாகக் கொண்டாடுகிறது. என் கண்ணில் முதலில் பட்டது காதல் அல்ல. ஊரைவிட்டு வெளியேற ஒரு கடதாசிக்காகக் காத்துக்கிடக்கும் சனங்கள்தான். பாஸ் எடுப்பதற்காக விடியப்புறமே வரிசையில் நின்ற எவருக்கும் அந்த முகங்கள் புதியவை அல்ல.

அந்தக் கடதாசிகளைக் கள்ளமாக விற்கும் உகார்ட்டே என்ற பாத்திரத்தில் ஒரு சின்ன மனிதர் வருகிறார். பெரிய கண்கள், கெஞ்சுவது போன்ற குரல். படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே பிடிபட்டு, உயிரையும் இழந்துவிடுகிறார். அவர் திரையில் வருவது சில நிமிடங்கள்தான். ஆனால் படம் முடிந்த பிறகும் அந்த முகம் என்னை விட்டுப் போகவில்லை. யார் இவர் என்று தேடத் தொடங்கினேன்.

அவர் பெயர் பீற்றர் லோரே. அது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. 1904 ஜூன் 26 இல், அன்றைய ஆஸ்திரிய – ஹங்கேரியப் பேரரசுக்குள் இருந்த ஒரு சிறு நகரத்தில் லாஸ்லோ லோவன்ஸ்டைன் என்ற பெயரோடு பிறந்தார். அந்த நகரம் இன்று ஸ்லோவாக்கியாவில் இருக்கிறது. ஜேர்மன் மொழி பேசும் யூதக் குடும்பம். நாலு வயதில் தாயை இழந்தார். பின்னர் குடும்பம் வியன்னாப் பக்கம் இடம்பெயர்ந்தது. கொஞ்சக் காலம் வங்கியில் எழுதுவினைஞராக வேலை பார்த்தார். மனம் நாடகத்தில்தான் இருந்தது. எழுதிவைத்த வசனமில்லாமல் மேடையிலேயே உருவாகும் நாடகங்களை அப்போது வியன்னாவில் மொரேனோ என்ற மருத்துவர் நடத்திவந்தார். லோரே அங்கேதான் நடிப்பைக் கற்றார்.

1920களின் இறுதியில் பேர்லினுக்குப் போனார். எங்கள் நாடகக்காரருக்கும் நன்கு தெரிந்த பெர்தோல்ட் பிரெக்ட் அவரை அங்கே மேடையேற்றினார். பிறகு இயக்குநர் ஃபிரிட்ஸ் லாங் தன்னுடைய ‘எம்’ என்ற படத்துக்கு அவரை அழைத்தார். அது 1931 இல் வெளிவந்தது. சிறுபிள்ளைகளைக் கொல்லும் ஒருவனின் கதை. அவனைப் பொலிஸ் மட்டுமல்ல, நகரத்தின் கள்ளர் கூட்டமும் தேடுகிறது. கடைசியில் கள்ளர்களே ஒரு நிலவறையில் நீதிமன்றம் வைத்து அவனை விசாரிக்கிறார்கள். அங்கே லோரே கதறும் காட்சியில், வெறுக்க வேண்டிய ஒருவனுக்குள் இருக்கும் மனிதனைப் பார்க்கச் சங்கடப்பட்டபடி நாங்கள் இருக்கிறோம். அந்த ஒரே படத்தோடு ஐரோப்பா முழுவதும் அவர் முகத்தை அறிந்துகொண்டது.

1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். அந்த வருடமே லோரே ஜேர்மனியை விட்டு வெளியேறினார். வியன்னா, பாரிஸ், பிறகு லண்டன். அங்கே அல்பிரட் ஹிட்ச்கொக் ஒரு படத்துக்காக அவரைச் சந்தித்தபோது, அவருக்கு ஆங்கிலம் மிகக் குறைவு. ஹிட்ச்கொக் கதை சொல்லச் சொல்ல, சிரிக்க வேண்டிய இடத்தை ஊகித்துச் சிரித்தே அந்தச் சந்திப்பைச் சமாளித்தார். 1934 இல் வந்த அந்தப் படத்தின் வசனங்களை ஒலியை மட்டும் வைத்துப் பாடமாக்கி நடித்தார். புதிய நாட்டில் பாதி விளங்கியும் விளங்காமலும் தலையாட்டிப் பிழைத்த எங்கள் ஆட்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு இந்தக் கதையை நான் விளக்கத் தேவையில்லை.

பிறகு ஹொலிவூட். அங்கே அவருக்கு வேலை இருந்தது. ஆனால் ஒரே மாதிரியான வேலை. கூடுதலாக அவருக்குக் கிடைத்தவை பைத்தியக்கார மருத்துவன், உளவாளி, கொலைகாரன் போன்ற வேடங்கள்தான். அவருடைய உச்சரிப்பும் கண்களும் அமெரிக்கர்களுக்கு அந்நியமாகத் தெரிந்தன. அந்த அந்நியத்தன்மையையே ஸ்டூடியோக்கள் விற்றன. 1937 முதல் 1939 வரை மிஸ்டர் மோட்டோ என்ற ஜப்பானியத் துப்பறிவாளராக எட்டுப் படங்களில் நடித்தார். ஐரோப்பிய யூதர் ஒருவர் ஜப்பானியராக! எந்த நாட்டவன் என்பது அவர்களுக்கு முக்கியமில்லை, வெளியாள் என்றால் போதும்.

அதே காலத்தில் ஜேர்மனியில் அவர் முகம் வேறொரு வேலைக்குப் பயன்பட்டது. 1940 இல் நாசிகள் யூதர்களுக்கு எதிராக ஒரு பிரசாரப் படம் எடுத்தார்கள். ‘எம்’ படத்தில் லோரே கதறும் காட்சியை வெட்டி அதற்குள் ஒட்டினார்கள். ஒரு நடிகன் நடித்த பாத்திரத்தை எடுத்து, ஓர் இனத்தின் குணம் இதுதான் என்று காட்டினார்கள். அப்போது அவர் அமெரிக்காவில் இருந்தார். உயிர் தப்பிவிட்டது, முகம் அகப்பட்டுவிட்டது.

1941 இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். அந்த வருடம் ‘மோல்டீஸ் ஃபல்கன்’, அடுத்த வருடம் ‘கஸபிளாங்கா’. இந்த இரண்டாவது படத்தைத் திரும்பப் பார்க்கும்போது அதன் நடிகர்களைக் கவனியுங்கள். பெயர் போடப்பட்ட நடிகர்களில் மூன்று பேர்தான் அமெரிக்காவில் பிறந்தவர்கள். மற்றவர்களில் பலர் உண்மையிலேயே ஓடிவந்தவர்கள். நாசி அதிகாரியாக வரும் கொன்ராட் ஃபைட் கூட நாசிகளால் ஜேர்மனியை விட்டுப் போனவர்தான். அகதிகள் அகதிகளாகவும், தங்களைத் துரத்தியவர்களாகவும் நடித்த படம் அது.

லோரேயின் சொந்த வாழ்க்கை சுகமாக இருக்கவில்லை. சத்திரசிகிச்சைக்குப் பின் வலிக்காகக் கொடுக்கப்பட்ட மோர்ஃபினுக்கு அடிமையாகி, வருடக்கணக்காக அதோடு போராடினார். 1949 இல் கடனில் மூழ்கி வங்குரோத்தானார். அதன் பின்னர்தான் திரும்பவும் ஜேர்மனிக்குப் போனார்.

அங்கே அவர் தன் வாழ்நாளில் இயக்கிய ஒரே படத்தை எடுத்தார். ‘தொலைந்தவன்’ என்று பொருள்படும் தலைப்பு. 1951 இல் வெளிவந்தது. போருக்குப் பிந்திய ஓர் அகதி முகாமில் கதை தொடங்குகிறது. அங்கே மருத்துவராக இருப்பவர் பெயரை மாற்றிக்கொண்டு வாழ்பவர். நாசி ஆட்சியில் ஆய்வுகூடத்தில் வேலை செய்தபோது தன் காதலியைக் கொன்றவர். அவருடைய ஆய்வு ஆட்சிக்குத் தேவைப்பட்டதால், அந்தக் கொலையை அதிகாரத்தில் இருந்தவர்கள் மூடிமறைத்தார்கள். தண்டனை கிடைக்காததே அவரைத் தின்னத் தொடங்குகிறது. அப்படி மறைக்க உதவியவன் ஒருநாள் அதே முகாமுக்கு வருகிறான். அவனும் வேறு பெயரில்தான். நடந்ததைப் பற்றி அவனுக்கு எந்தக் குற்றவுணர்வும் இல்லை.

அந்தப் படத்தை ஜேர்மன் மக்கள் பார்க்கவில்லை. இடிபாடுகளிலிருந்து நாட்டைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பழையதை மறந்து முன்னே போவோம் என்பதே பொது மனநிலையாக இருந்தது. படம் சில நாட்களிலேயே திரையரங்குகளை விட்டுப் போனது. மனமுடைந்து அமெரிக்கா திரும்பிய லோரே பிறகு படம் இயக்கவேயில்லை. உடல் பருத்து, நோய்களோடு, தன் பழைய வேடங்களைத் தானே கேலி செய்வது போன்ற பேய்ப் படங்களில் நடித்து வயிற்றைக் கழுவினார். 1964 மார்ச் 23 இல், 59 வயதில் காலமானார். பல வருடங்கள் கழித்துத்தான் அவருடைய அந்தப் படம் முக்கியமானது என்று ஜேர்மனியிலும் வெளியிலும் எழுதத் தொடங்கினார்கள்.

மறந்துவிடுங்கள் என்ற அறிவுரையை நாங்களும் எத்தனையோ மேடைகளில் கேட்டுவிட்டோம். அதனால்தான் லோரேயின் நூற்றுக்குக் கிட்டிய வேடங்களில், முகாமில் வரிசையில் நிற்கும் அகதிகளுக்கு ஊசி போடும் அந்த மருத்துவரே என் மனதில் நிற்கிறார். துரத்தப்பட்ட ஒருவர் திரும்பிப் போய், துரத்திய நாட்டின் மொழியிலேயே, நடந்தது என்ன என்று கேட்டார். பதில் வரவில்லை. ஆனாலும் அவர் கேட்ட கேள்வி ஒரு படச்சுருளில் பத்திரமாக இருக்கிறது.