நத்தார் இசையும் வேதநாயகம் சாஸ்திரியாரும்

தெஹியோவிட்ட போன்ற சப்ரகமுவ தோட்டப் பகுதிகளில் நத்தார் காலத்தில் தமிழ் இராகங்களில் கீர்த்தனைகள் ஒலிப்பதற்குப் பின்னால் தஞ்சைப் புலவர் ஒருவரின் நீண்ட உழைப்பு இருக்கின்றது. அவர்தான் வேதநாயகம் சாஸ்திரியார்.

1774ஆம் ஆண்டு திருநெல்வேலியில் பிறந்த அவரை, ஜெர்மானியப் போதகர் சுவார்ட்ஸ் சிறுவயதிலேயே தஞ்சைக்கு அழைத்துச் சென்று கல்வி புகட்டினார். பின்னர் தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னரும் அதே ஆசிரியரிடம் பயின்றவரே. அக்காலத் தமிழ்ச் சபையார் ஜெர்மன் பாடல்களின் மொழிபெயர்ப்புகளை அந்நிய மெட்டுகளிலேயே பாடி வந்தனர். சாஸ்திரியாரோ கர்நாடக இராக தாளங்களில் கீர்த்தனைகளை இயற்றினார். 1800ஆம் ஆண்டில் அவர் பாடிய பெத்லகேம் குறவஞ்சி, குறத்தி குறி சொல்லும் நாட்டு வடிவத்தில் கிறிஸ்துவைப் போற்றியது. சூரியனைப் பூமி சுற்றிவரும் வானியல் கருத்தையும் அவர் அதில் சேர்த்தார்.

தஞ்சைப் பெருவுடையாரைப் பாடும்படி மன்னர் கேட்டபோது அவர் மறுத்துவிட்டார் என அவரது வரலாறு கூறுகின்றது. ஆயினும் நட்பு முறியவில்லை. சரபோஜி அவரை அரசவைப் புலவராக்கிக் கௌரவித்தார். நம்பிக்கையில் வேறுபட்ட இருவர் ஒருவரையொருவர் மதித்து வாழ்ந்ததற்கு இது சான்றாகும்.

அவர் குறையற்றவர் அல்லர். சபைக்குள் சாதி வேற்றுமையை நீக்கப் புதிய போதகர்கள் முயன்றபோது, சாஸ்திரியார் பழைய வழக்கத்துக்காக வாதாடி, மிஷன் பணியையும் இழந்தார். சமத்துவத்தைப் போதிக்கும் சமயத்தில் சாதியைக் காக்க முனைந்த இம்முரண்பாட்டை மறைப்பது வரலாற்றுக்கு நேர்மையாகாது. அதே கீர்த்தனைகளைப் பிற்காலத்தில் எல்லாச் சாதியினரும் ஒன்றாக நின்று பாடினர் என்பது காலம் அளித்த விடையாகும்.

உமறுப்புலவர் தமிழ்க் காப்பிய மரபில் சீறாப்புராணத்தைப் பாடினார். சாஸ்திரியார் குறவஞ்சி மரபில் பெத்லகேமைப் பாடினார். ஈசா நபியின் பிறப்பைத் திருக்குர்ஆனின் மர்யம் அத்தியாயத்தில் ஓதும் முஸ்லிம் வாசகருக்கும் இவ்வரலாறு அந்நியமானதன்று. தோட்டங்களிலும் நகரங்களிலும் அருகருகே வாழும் சமூகங்கள், வெவ்வேறு வேதங்களை ஒரே மொழியால் போற்றியவர்களின் வழிவந்தவர்களே.

1864ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் திகதி சாஸ்திரியார் மறைந்தார். அவரது இசையைப் போற்றுவோம். அவர் கடக்கத் தவறிய எல்லையை நாம் கடப்போமாக.