தணிகை தந்த மெய்யியலறிஞர்

முருகப்பெருமானின் படைவீடுகளுள் ஒன்றாகிய திருத்தணிகை, தமிழும் தெலுங்கும் அடுத்தடுத்த இல்லங்களில் ஒலிக்கும் எல்லையூர். 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது அதனுடன் சென்ற இவ்வூர், ம. பொ. சிவஞானம் முதலியோரின் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரலில் தமிழகத்தோடு மீண்டும் இணைந்தது. இவ்வூரில், தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட எளிய குடும்பத்தில், 1888 செப்டம்பர் 5ஆம் நாள் பிறந்தவர் டாக்டர் சர்வேபள்ளி இராதாகிருஷ்ணன்.

தொடக்கக் கல்வியைத் தணிகையில் கற்ற அவர், 1896இல் திருப்பதியிலிருந்த ஹெர்மன்ஸ்பர்க் லூத்தரன் மிஷன் பள்ளியில் சேர்ந்தார். வட ஜெர்மனியில் ஹெர்மன்ஸ்பர்க் என்னும் சிற்றூரில் லுட்விக் ஹார்ம்ஸ் என்ற போதகர் 1849இல் நிறுவிய சமயப் பணி, கடல் கடந்து வேங்கடமலையின் அடிவாரத்துக்கும் வந்திருந்தது. முருகன் மலையடியில் பிறந்த சிறுவன், திருமால் மலையடியில் ஜெர்மானியர் நிறுவிய பள்ளியில் பயின்றான். பின்னர் வேலூர் ஊரிஸ் கல்லூரியிலும் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலுமாக அவரது கல்வி 1908 வரை மிஷன் நிறுவனங்களிலேயே நடந்தது.

அந்நிறுவனங்கள் அவருக்கு அறிவையும் ஒழுங்கையும் அளித்தன. கூடவே, பிறந்த சமயத்தின் மீது கடுங்கண்டனங்களையும் அவர் செவியில் இட்டன. உலகம் மாயை என்று கூறும் வேதாந்தத்தில் அறத்துக்கு இடமேது என்பது அவற்றுள் தலையாயது. கேட்ட இளைஞர் மனம் புண்பட்டார். எனினும் பள்ளியை வெறுக்கவுமில்லை, தம் மரபைத் துறக்கவுமில்லை. கண்டனத்தை வினாவாக ஏற்று மூலநூல்களை நாடினார். உறவினர் ஒருவர் படித்து முடித்துக் கொடுத்த பாடநூல்களே, வறுமையிலிருந்த அவர் தத்துவத்தைப் பாடமாகக் கொள்ளக் காரணமாயின. வேதாந்தத்தின் அறவியல் பற்றி அவர் எழுதிய முதுகலை ஆய்வு 1908இல் நூலாயிற்று. அவ்வாய்வைப் பாராட்டியவர், கிறித்துவ இறையியலில் வல்ல பேராசிரியர் ஏ. ஜி. ஹாக்.

அடுத்து அவர் பார்வை ஜெர்மானியச் சிந்தனையின் பக்கம் திரும்பியது. 1911இல், பயன் கருதாத வினையைப் பேசும் கீதையையும், கடமையைக் கடமைக்காகவே ஆற்றச் சொல்லும் காண்ட்டையும் ஒப்பிட்டு, அயல்நாட்டு அறவியல் இதழொன்றில் கட்டுரை எழுதினார். 1920இல் வெளிவந்த நூலில் லைப்னிட்ஸ், ஆய்க்கன் முதலியோரை ஆராய்ந்தார். கீழை நூல்களையும் மேலை நூல்களையும் ஒரே தராசில் நிறுத்தும் துணிவு அவருக்கு இளமையிலேயே வாய்த்திருந்தது.

மைசூர், கல்கத்தா, ஆக்ஸ்போர்டு எனப் பேராசிரியப் பணி விரிந்தது. இளமையில் கேட்ட கண்டனம் 1935இல் பெரியவர் ஒருவரிடமிருந்து மீண்டும் வந்தது. ஆப்பிரிக்கக் காட்டில் நோயாளிகளுக்குத் தொண்டாற்றிய ஆல்பர்ட் ஷ்வைட்சர், இந்தியச் சிந்தனை உலகையும் வாழ்வையும் மறுப்பது என்ற கருத்தை ஜெர்மன் மொழியில் நூலாக எழுதினார். இராதாகிருஷ்ணன் சினக்கவில்லை. 1939இல் வெளிவந்த தம் நூலில் அவருடைய வாதங்களை முறையாக எடுத்துரைத்து, அகத்துறவு அறச்செயலுக்கு ஊற்றாவதேயன்றிப் பகையாவதில்லை என நிறுவினார்.

ஜெர்மானிய நூல் வணிகர் சங்கத்தின் அமைதிப் பரிசு 1951இல் ஷ்வைட்சருக்கு வழங்கப்பட்டது. பத்தாண்டுகளுக்குப் பின், 1961இல், அதே பரிசு இராதாகிருஷ்ணனுக்கு வழங்கப்பட்டது. லூத்தரன் ஆலயமாக எழுந்து, போரில் அழிந்து, மீளக் கட்டப்பட்ட பிராங்பர்ட் புனித பவுல் மண்டபத்தில், லூத்தரன் பள்ளியின் பழைய மாணவர் அதனைப் பெற்றார். அப்போது அவர் இந்தியக் குடியரசுத் துணைத்தலைவர். மறு ஆண்டு குடியரசுத் தலைவரானார். அவர் பிறந்த நாள் 1962 முதல் ஆசிரியர் நாளாயிற்று. 1975 ஏப்ரல் 17இல் சென்னையில் மறைந்தார்.

எல்லையூரில் பிறந்தவருக்கு எல்லை மதிலாக நிற்கவில்லை, வாயிலாகத் திறந்தது. அயலார் வினாவுக்கு அஞ்சாத மொழியே வளரும். அவ்வினாவைத் தம் மரபின் ஆழத்துக்கு இறங்கும் படியாக்கிக் கொண்டவர் தணிகை தந்த அறிஞர்.