திப்புவின் தங்க சிம்மாசனம் என்ன ஆச்சு? டாலிகஞ்சில் முடிந்த ஒரு இளவரசரின் கதை

டாலிவுட் என்றதும் உங்களுக்கு ஹைதராபாத்தான் ஞாபகம் வரும். உண்மையில் அந்தப் பெயர் முதலில் கொல்கத்தாவின் டாலிகஞ்சுக்குத்தான் சொந்தம். வங்காள சினிமா ஸ்டுடியோக்கள் அங்கே இருந்ததால் 1932லேயே அப்படி எழுத ஆரம்பித்துவிட்டார்கள். வேலை விஷயமாக அந்தப் பக்கம் போனவர்களுக்கு பிரின்ஸ் அன்வர் ஷா ரோடு தெரிந்திருக்கும். சவுத் சிட்டி மால் இருக்கிற ரோடு. பக்கத்திலேயே குலாம் முகமது ஷா பெயரிலும் ஒரு ரோடு உண்டு.

யார் இந்த பிரின்ஸ்கள்? வங்காளத்து ராஜாக்கள் இல்லை. நம்ம வேலூர்க் கோட்டையிலிருந்து கொண்டுபோகப்பட்ட திப்பு சுல்தான் குடும்பம்.

இந்தக் கதையை குலாம் முகமதுவின் வயதை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். அவர் திப்புவின் கடைசி மகன்களில் ஒருவர். பிறந்தது 1795ல். அவருக்கு நாலு வயது இருக்கும்போது, 1799 மே 4 அன்று, ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. அப்பா அன்றைக்கே சண்டையில் இறந்துவிட்டார்.

அடுத்து நடந்தது கொள்ளை. அதில் முக்கியமான பொருள் சிம்மாசனம். மரத்தில் செய்து மேலே தங்கத் தகடு போர்த்தியது, எட்டுப் பட்டை. அதைத் தாங்கியது ஆளுயரப் புலி ஒன்று. மேலே விதானம், அதன் உச்சியில் ரத்தினம் பதித்த ஹுமா பறவை. சுற்றுக் கிராதியில் எட்டு சின்னத் தங்கப் புலித்தலைகள். ஆங்கிலேயரை ஜெயிக்கும்வரை இதில் ஏற மாட்டேன் என்று திப்பு சபதம் எடுத்திருந்தார், அதனால் கடைசிவரை அதில் உட்காரவே இல்லை என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை.

கவர்னர் ஜெனரல் வெல்லஸ்லிக்கு அதை முழுசாக லண்டனுக்கு அனுப்பும் ஆசை இருந்தது. ஆனால் கொள்ளைப் பொருளைப் பங்கு போடும் பொறுப்பில் இருந்த அதிகாரிகள் அதற்கு முன்பே உடைத்துவிட்டார்கள். படை முழுக்கப் பங்கு போக வேண்டும், சிம்மாசனத்தை எப்படிப் பங்கு போடுவது? தங்கமாக்கினால் கணக்கு தீர்ந்தது. அவ்வளவுதான் லாஜிக்.

இது நம்ம ஊரில் மட்டும் நடந்த அநியாயம் என்று நினைத்துவிடாதீர்கள். அதே சில வருடங்களில் ரோமில் போப்பாண்டவர்களின் மூன்றடுக்குக் கிரீடங்களுக்கும் இதே கதிதான். 1797ல் நெப்போலியனுக்குக் கட்டவேண்டிய பணத்துக்காக நகைகளைக் கழற்றினார்கள், 1798ல் பிரெஞ்சுப் படை மிச்சத்தையும் சூறையாடியது. 1800ல் ஏழாம் பயஸ் வெனிஸில் பதவி ஏற்றபோது தலையில் வைத்தது காகிதக் கூழில் செய்த கிரீடம். அந்த நெப்போலியன்தான் 1799ல் எகிப்திலிருந்து திப்புவுக்கு நட்புக் கடிதம் எழுதியவர். கடிதம் திப்புவின் கைக்குப் போய்ச் சேரவில்லை.

குலாம் முகமதுவுக்கு வருவோம். குடும்பத்தை மொத்தமாக வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்தார்கள். அரண்மனை உண்டு, உதவித்தொகை உண்டு, வெளியே போகத்தான் முடியாது. அங்கே பதினோரு வயது வரை வளர்ந்தார்.

அப்போதுதான் 1806 ஜூலை 10. வேலூர்ப் புரட்சி பள்ளிப் பாடத்தில் படித்ததுதான். ஆனால் அதன் காரணத்தை ஒரு தடவை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள்: தலைப்பாகை. தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகையை சிப்பாய்கள் அணிய வேண்டும், நெற்றியில் சாதி, மதக் குறி கூடாது, தாடியை எடுக்க வேண்டும் என்று மதராஸ் ராணுவம் உத்தரவு போட்டது. அதைத் தொப்பி என்றே பார்த்தார்கள். தொப்பிக்கு அடுத்தது மதமாற்றம் என்ற பயம். விடிவதற்குள் கோட்டையைப் பிடித்து, திப்புவின் புலிக்கொடியை ஏற்றினார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றைக்கே அடக்கிவிட்டார். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள்.

இளவரசர்களுக்கு இதில் எவ்வளவு பங்கு என்று இன்றும் விவாதம் ஓடுகிறது. கம்பெனி அவ்வளவு யோசிக்கவில்லை. மைசூருக்குப் பக்கத்தில் இவர்களை வைத்திருப்பது ஆபத்து என்று முடிவு செய்து மகன்களைக் கப்பலேற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பியது. வேலூரிலேயே இறந்துபோன குடும்பத்தாரின் கல்லறைகள் இன்னும் அங்கே இருக்கின்றன.

குடிவைத்த இடம் ரசா பாக்லா. இன்றைய டாலிகஞ்ச். வில்லியம் டாலி என்ற ராணுவ அதிகாரி 1770களில் தூர்வாரிய கால்வாயால் வந்த பெயர் அது. பதினோரு வயதில் அங்கே வந்த குலாம் முகமது சாகும்வரை கல்கத்தாவாசிதான். அறுபத்தைந்து வருடத்துக்கும் மேல்.

அந்த அறுபத்தைந்து வருடம் என்ன செய்தார்? பெரும்பாலும் மனு போட்டார் என்று சொல்லலாம். இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. சிம்மாசனம் போய்விட்டது, நாடு போய்விட்டது, கம்பெனி தருவதாகச் சொன்ன உதவித்தொகையே பாக்கி. அண்ணன்கள் ஒவ்வொருவராக இறந்துகொண்டிருந்தார்கள். அவர்களுடைய வாரிசுகள் பெருகிக்கொண்டே போனார்கள். 1831ல் கம்பெனி, சிம்மாசனத்தின் பெரிய புலித்தலையை மன்னர் நான்காம் வில்லியமுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. அதே கம்பெனி இவருடைய பாக்கியைத் தர 1840 ஆனது.

பாக்கி வந்ததும் அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. 1842ல் கல்கத்தாவின் நடுமையமான தர்மதலாவில் ஒரு மசூதி கட்டினார். எல்லோரும் அதைத் திப்பு சுல்தான் மசூதி என்றுதான் சொல்கிறார்கள். அதன் கல்வெட்டில் கடவுளுக்கு நன்றி இருக்கிறது. கூடவே, கம்பெனி இயக்குநர் குழு உதவித்தொகை பாக்கியைக் கொடுத்ததன் நினைவாகக் கட்டப்பட்டது என்றும் இருக்கிறது. ஆண்டைக்கூட விடவில்லை. அப்பாவைக் கொன்றவர்களுக்கு நன்றியா, அல்லது இத்தனை வருடம் தராமல் வைத்திருந்தீர்கள் என்று கல்லிலேயே எழுதிவைத்த ரசீதா? நான் ரசீது என்றுதான் படிக்கிறேன். டாலிகஞ்சிலும் இதே சாயலில் இன்னொரு மசூதி கட்டினார்.

1850களில் லண்டன் போனார், விக்டோரியா ராணியைச் சந்தித்தார். அந்த நேரத்தில் அப்பாவின் மரப்புலி பொம்மை, அதாவது ஆங்கிலேயனைக் கடித்துக் குதறும் பிரபல பொம்மை, லண்டனில் கம்பெனி அலுவலகத்தில் பொதுமக்கள் பார்வைக்கு இருந்தது. 1855ல் ஹைதர், திப்பு பற்றிய பழைய பிரெஞ்சுக்காரர் ஒருவரின் வரலாற்றைத் திருத்தி ஆங்கிலத்தில் வெளியிட்டார். முகப்பில் தன்னை அவர் அறிமுகப்படுத்திக்கொண்டது, திப்புவின் உயிரோடு இருக்கும் ஒரே மகன் என்று. அறுபது வயது அப்போது.

1857ல் வடக்கே சிப்பாய்கள் எழுந்தபோது டாலிகஞ்ச் குடும்பம் அசையவில்லை. வேலூரைப் பார்த்தவர் அவர். கடைசிக் காலத்தில் சர் பட்டமும் கிடைத்தது. 1872 ஆகஸ்டில் இறந்தார். சொத்தை வக்ஃபு ஆக்கிவிட்டுப் போனார். மசூதிகள் அதன் கீழேதான் வருகின்றன.

சரி, சிம்மாசனத்தில் எது மிச்சம்? பெரிய புலித்தலையும் ஹுமா பறவையும் இங்கிலாந்து அரச சேகரிப்பில் இருக்கின்றன. ஒரு சின்னப் புலித்தலை, அப்போது மதராஸ் கவர்னராக இருந்த எட்வர்ட் கிளைவ் குடும்பம் வழியாக வேல்ஸின் போவிஸ் கோட்டையில் இருக்கிறது. இன்னொன்று 2009ல் லண்டன் ஏலத்தில் 3,89,600 பவுண்டுக்கு விலைபோனது. அடுத்த வருடம் மற்றொன்று, 4,34,400 பவுண்டு. 2021ல் ஒரு புலித்தலைக்குச் சுமார் 15 லட்சம் பவுண்டு மதிப்புப் போட்டு, அது நாட்டை விட்டு வெளியே போகாமல் இருக்க பிரிட்டன் அரசு தற்காலிக ஏற்றுமதித் தடை விதித்தது. இவ்வளவு அரிய பொருளை நாடு இழந்துவிடக் கூடாது என்பது அவர்கள் சொன்ன காரணம்.