நூர் இனாயத் கான்

சவ்வாது மலைக்கு வடகிழக்கே வேலூர்க் கோட்டை விளங்குகின்றது. 1799 ஆம் ஆண்டில் திப்பு சுல்தான் போரில் வீழ்ந்தபின், ஆங்கிலேயர் அவருடைய மக்களை அக்கோட்டையில் காவலில் வைத்தனர். திப்புவின் வழித்தோன்றலாகக் கருதப்படும் நங்கையொருவர், 150 ஆண்டுகளுக்குப் பின் அதே ஆங்கில அரசின் உயரிய வீரப்பதக்கத்திற்கு உரியவரானார். அவரே நூர் இனாயத் கான்.

நூர் 1914 ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் முதல் நாள் மாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தையார் இனாயத் கான் இசைவாணர்; சூபி நெறியைப் பரப்பிய சான்றோர். தாயார் அமெரிக்கப் பெண்மணி. பாரிசு நகருக்கு அருகே வளர்ந்த நூர், யாழ் மீட்டுவதிலும் சிறுவர் கதைகள் எழுதுவதிலும் இன்பங் கண்டார். புத்தர் பெருமானின் பிறப்புக் கதைகள் இருபதை 1939 இல் நூலாக வெளியிட்டார்.

1940 இல் ஜெர்மானியர் பிரான்சைக் கைப்பற்றினர். நூர் குடும்பத்தாருடன் இங்கிலாந்து சேர்ந்தார். அவர் உள்ளம் இந்திய விடுதலையை விரும்பியது. ஆயினும் நாஜிகளின் கொடுமையை எதிர்ப்பதே அப்பொழுது தம் கடமையெனத் துணிந்தார். மகளிர் விமானப்படையில் சேர்ந்து கம்பியில்லாத் தந்தி பயின்றார். பிரெஞ்சு மொழியும் நன்கு அறிந்தவராதலின், ஒற்றர் பணிக்குத் தேர்ந்தெடுக்கப் பெற்றார். 1943 ஆம் ஆண்டு ஜூன் திங்களில், இரவில், விமானத்தில் சென்று பிரான்சில் இறங்கினார். இங்கிலாந்திலிருந்து அங்கு அனுப்பப் பெற்ற முதற் பெண் தந்தியாளர் அவரே.

சின்னாட்களில் தோழர் பலர் பிடிபட்டனர். திரும்பிவிடுமாறு இலண்டனிலிருந்து செய்தி வந்தது. தாமும் அகன்றால் பாரிசிலிருந்து செய்தி அனுப்புவார் இல்லை என்பதை உணர்ந்த நூர், அதற்கு இசையவில்லை. தந்திப் பெட்டியைச் சுமந்துகொண்டு இடம் மாறி மாறிப் பணி புரிந்தார். அக்டோபர்த் திங்களில் காட்டிக் கொடுக்கப் பட்டுச் சிறைப்பட்டார். அவருடைய குறிப்பேடு பகைவர் கைக்கு எட்டியது. அதனைக்கொண்டு அவர்கள் பொய்ச் செய்திகளை அனுப்பினர். எனினும் அவர் வாயினின்று ஒரு மறையும் வெளிப்படவில்லை. இருமுறை தப்ப முயன்ற அவரை ஜெர்மானியச் சிறையொன்றில் விலங்கிட்டு வைத்தனர். 1944 ஆம் ஆண்டு செப்டம்பர் 13 ஆம் நாள் டாக்கோ முகாமில் சுட்டுக் கொன்றனர். அப்பொழுது அவருக்கு வயது 30.

ஒற்றர்தம் அருஞ்செயல்களை உலகம் உடனே அறிவதில்லை. அவர் மறைந்தபின், 1949 இல் ஆங்கில அரசு ஜார்ஜ் சிலுவை என்னும் பதக்கத்தை வழங்கியது. பிரான்சும் போர்ச் சிலுவை அளித்துப் போற்றியது. 2012 இல் இலண்டனில் அவருக்குச் சிலை எழுந்தது. அப்பதக்கங்களை அணிந்து மகிழும் பேறு நூருக்கு வாய்க்கவில்லை. காண்பாரும் புகழ்வாரும் இல்லாத இடத்திலும் கடமையினின்று வழுவாது நின்ற அவருடைய உறுதியே அவருக்கு அழியா அணியாகும்.