ஆல்டஸ் ஹக்ஸ்லியும் 'சைக்கடெலிக்' என்னும் சொல்லின் தோற்றமும்

ஆங்கில நாவலாசிரியர் ஆல்டஸ் ஹக்ஸ்லி 1894ஆம் ஆண்டு பிறந்தவர். 'அக்னாஸ்டிக்' என்னும் சொல்லை 1869இல் ஆக்கிய உயிரியல் அறிஞர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி இவருடைய பாட்டனார். பாட்டனார் ஆக்கிய சொல் நிலைத்தது. பேரனது சொல் நிலைக்கவில்லை. எனினும், 'சைக்கடெலிக்' என்பதன் வரலாறு பேரனை விடுத்து எழுதத்தக்கதன்று.

ஈட்டன் பள்ளியில் பயின்றபோது 1911இல் கண்ணோயுற்று ஏறத்தாழப் பார்வை இழந்தார்; பிரெயில் எழுத்தைக் கற்றார். பின்னர் ஓரளவு பார்வை மீளவே, ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கில இலக்கியம் பயின்றார். காட்சி என்பது யாது என்னும் வினா இவரை வாழ்நாள் முழுதும் தொடர்ந்தமைக்கு இந்நோயும் ஒரு காரணமாகலாம். 1932இல் வெளிவந்த நாவலில் மக்களை அடக்கியாளும் மருந்துக்கு வேதவழக்கிலிருந்து 'சோமா' எனப் பெயரிட்டார். 1953 மே மாதம் லாஸ் ஏஞ்சலிஸ் இல்லத்தில், உளமருத்துவர் ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் முன்னிலையில் மெஸ்கலின் உட்கொண்டார். அவ்வனுபவத்தை விவரிக்கும் நூல் மறுஆண்டு வெளிவந்தது.

அக்காலத்தில் இத்தகைய மருந்துகளுக்கு மருத்துவர் வழங்கிய பெயர், மனப்பிறழ்வைப் போலச்செய்வது என்னும் பொருளது. தாம் கண்டதைப் பிறழ்வின் போலி எனக்கொள்ள ஹக்ஸ்லி உடன்படவில்லை. ஆஸ்மண்டுக்கும் அப்பெயர் நிறைவளிக்கவில்லை. 1956இல் இருவரும் ஈரடிச் செய்யுள் வழியே மாற்றுப்பெயர்களைப் பரிமாறிக்கொண்டனர். புலப்படுதல், உள்ளம் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொற்களை இணைத்து ஹக்ஸ்லி 'ஃபானெரோதைம்' என்றார். உளம், வெளிப்படுத்துதல் என்பவற்றை இணைத்து ஆஸ்மண்ட் 'சைக்கடெலிக்' என்றார். கிரேக்கத் தொகைமரபின்படி இடையில் ஒகரம் வரவேண்டும். வாராமை புணர்ச்சி வழு. வழுவுடைய சொல்லே வென்றது. 1957இல் நியூயார்க் அறிவியல் கழகத்தில் ஆஸ்மண்ட் அதனை முன்வைத்தார். ஒலி ஆஸ்மண்டுடையதாயினும், இரு சொற்களின் பொருளும் ஏறக்குறைய ஒன்றே.

1962இல் வெளிவந்த இறுதி நாவலில் ஹக்ஸ்லி மருந்துக்கு 'மோட்சம்' என்னும் வடசொல்லை ஆண்டார். முப்பதாண்டு இடைவெளியில் சோமாவிலிருந்து மோட்சத்திற்கு வந்த இம்மாற்றம், எப்பெயர் இடுவது என்னும் அவரது நெடுநாள் தேடலைக் காட்டுகிறது. 1963 நவம்பர் 22இல் மறைந்தார். அப்பத்தாண்டின் பிற்பகுதியில் 'சைக்கடெலிக்' சுவரொட்டிக்கும் இசைக்கும் ஆடைக்கும் அடைமொழியாகி, கண்ணைப் பறிக்கும் வண்ணத்தைக் குறிக்கலாயிற்று. காரணப்பெயராகப் பிறந்த சொல் இடுகுறிபோல் வழங்கியதை அவர் காணவில்லை.

தமிழில் இதனை 'மயக்கம்' என்னும் சொல்லடியாகப் பெயர்ப்பின், அவ்விருவரும் விலக்கிய பழம்பொருளே மீண்டும் புகும். 'உளம்வெளிப்படுத்தி' என்பது நயமற்றதாயினும் மூலத்திற்கு அணித்து.