கன்னியின் மைந்தனும் பண்டித ரமாபாய் அம்மையாரும்



நான் செவிலிமேட்டில் தறி நெய்து பிழைக்கிற சாதாரண விசுவாசி. பிரசங்கம் பண்ணத் தெரியாது. ஆனாலும் பண்டித ரமாபாய் அம்மையாரின் வாழ்க்கையை வாசித்தபோது கர்த்தர் என்னை உடைத்தார். அதை மறைத்து வைக்கக்கூடாது என்று ஏவப்பட்டு எழுதுகிறேன். அம்மையாரைப் பற்றிச் சொல்லுமுன் என் வீட்டு சங்கதியைச் சொல்லியாக வேண்டும்.

என் மூத்த மகள் காலேஜில் உயிரியல் படிக்கிறாள். சின்ன வயசிலிருந்து ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்புவித்துப் பரிசு வாங்கின பிள்ளை. போன கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து பாலாற்றுப் பாலம் பக்கமாக வீட்டுக்கு வரும்போது என்னிடம் ஒன்று கேட்டாள். தகப்பன் இல்லாமல் பிள்ளை உருவாகாது என்று வகுப்பில் படிக்கிறாளாம். சபையில் கன்னியின் வயிற்றில் இயேசு பிறந்தார் என்று பாடும்போது மனசு உறுத்துகிறதாம். புரியாமலே ஆமென் சொன்னால் அது பொய் ஆகாதா அப்பா என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாதவனுக்குக் கோபம்தானே வரும்! இது பிசாசின் கேள்வி என்று அதட்டினேன். உன்னைப் படிக்க வெச்சதே தப்பாப் போச்சுன்னு கூட சொல்லிப்புட்டேன். அவள் வாயை மூடிக்கொண்டாள். கூடவே வேதத்தையும் மூடிவிட்டாள். பொங்கலுக்குப் பிறகு சபைக்கு வருவதையும் நிறுத்திவிட்டாள். நான் ஜெபித்தேன். ஆனால் என்ன ஜெபித்தேன்? அவளைத் திருத்தும் ஆண்டவரே என்றுதான். என்னைத் திருத்தும் என்று ஒருநாளும் கேட்கவில்லை.

அந்த நாட்களில்தான் எங்கள் பாஸ்டர் ஐயா தம் அலமாரியிலிருந்து ரமாபாய் அம்மையாரின் சரித்திரத்தை எடுத்துக் கையில் கொடுத்தார். முக்தி எழுப்புதலைப் பற்றிப் படிக்கலாம் என்று திறந்தேன். எழுப்புதலுக்கு முன்னே அந்த அம்மையாரும் என் மகளைப் போலவே இதே இடத்தில் தடுக்கி நின்றவர் என்று படித்தபோது திடுக்கிட்டுப் போனேன்.

காட்டில் பிறந்த பண்டிதை

அம்மையார் 1858 ஏப்ரல் 23 அன்று மேற்குத் தொடர்ச்சி மலையில் கங்காமூலம் என்ற காட்டுப் பகுதியில் பிறந்தார். தகப்பனார் அனந்த சாஸ்திரி டோங்ரே பெரிய சமஸ்கிருத பண்டிதர். பெண்களுக்கு சமஸ்கிருதம் சொல்லித்தரக் கூடாது என்றிருந்த காலத்தில் தம் மனைவி லட்சுமிபாய்க்குச் சொல்லிக்கொடுத்தார். அதற்காக ஊராரின் எதிர்ப்பையும் சந்தித்தார். தாயார் தம் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். பாகவத புராணத்தின் 18,000 சுலோகங்களை அந்தச் சிறுமி மனப்பாடமாகச் சொல்வாராம்.

குடும்பமாக ஊர் ஊராகத் தீர்த்தயாத்திரை போய், புராணம் வாசித்துப் பிழைத்தார்கள். 1870-களில் சென்னை மாகாணத்தில் வந்த பஞ்சத்தில் கையிலிருந்ததெல்லாம் போனது. திருப்பதி பக்கத்துக் காட்டில் இலையையும் காட்டுக் காய்களையும் தின்று நாட்களைக் கடத்தினார்கள். தகப்பன், தாய், மூத்த சகோதரி மூவரும் அடுத்தடுத்து மரித்தார்கள். ரமாபாயும் அண்ணன் சீனிவாசனும் மட்டும் மிஞ்சினார்கள். இருவரும் ஆயிரக்கணக்கான மைல் நடந்தார்கள். வடக்கே பனிக்காலத்தில் போர்த்திக்கொள்ளத் துணியில்லாமல் ஆற்று மணலில் குழி தோண்டி, மண்ணால் உடம்பை மூடிக்கொண்டு படுத்தார்கள். எழுதும்போதே நெஞ்சு அடைக்கிறது.

1878-ல் கல்கத்தா சேர்ந்தபோது அங்கிருந்த பண்டிதர்கள் அவருடைய கல்வியைச் சோதித்துப் பார்த்து, பண்டிதை, சரஸ்வதி என்று பட்டங்கள் கொடுத்தார்கள். 1880-ல் அண்ணன் மரித்தார். அதே வருஷம் வேறு ஜாதியைச் சேர்ந்த வங்காள வக்கீல் பிபின் பிஹாரி மேதாவியைத் திருமணம் செய்து அசாமில் சில்சாருக்குப் போனார். அங்கே வீட்டிலிருந்த புத்தகங்களுக்கு நடுவே ஒரு சின்னப் புத்தகம் கண்ணில் பட்டது. அது வங்காளி மொழியில் அச்சிட்ட லூக்கா சுவிசேஷம்! காபிரியேல் தூதன் மரியாளிடம் வந்த செய்தி அந்த சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்திலேதான் இருக்கிறது. அம்மையார் அதை வாசித்தார். பிடித்திருந்தது, ஆனால் முழுவதும் விளங்கவில்லை.

1882 பிப்ரவரியில் கணவர் காலராவில் மரித்தார். கையில் ஒரு வயது கூட நிரம்பாத மனோரமா. விதவைகளின் கண்ணீரை அம்மையார் இப்போது தம் கண்ணிலேயே கண்டார்.

ஞானஸ்நானத்துக்குப் பின்னும் தீராத கேள்விகள்

1883-ல் மருத்துவம் படிக்க இங்கிலாந்து போனார். காது மந்தமானதால் அந்தப் படிப்பு கைகூடவில்லை. விழுந்துபோன பெண்களைச் சேர்த்துத் தூக்கிவிடுகிற ஒரு இல்லத்தை அங்கே கண்டபோது, சமாரிய ஸ்திரீயிடம் பேசின இயேசுவின்மேல் அவர் மனசு திரும்பியது. 1883 செப்டம்பர் 29 அன்று வான்டேஜ் என்ற ஊரில் மகளோடுகூட ஞானஸ்நானம் பெற்றார்.

இத்தோடு சரித்திரம் முடிந்துவிடும் என்றுதான் நான் நினைத்தேன். இல்லீங்க, போராட்டமே அதற்குப் பிறகுதான். திரித்துவம், கிறிஸ்துவின் தெய்வீகம், அவருடைய அற்புதப் பிறப்பு ஆகியவற்றைக் குறித்து அவர் கேள்வி மேல் கேள்வி எழுப்பினார். புராணங்களை விட்டு ஒரே தேவன் என்ற நம்பிக்கைக்கு வந்தவர் அவர். இன்னொரு பிறப்புக் கதையா என்று அவர் தயங்கினதில் ஆச்சரியம் என்ன? அவருக்கு ஆவிக்குரிய தாயாக இருந்த சகோதரி ஜெரால்டின், சபை போதிக்கிறதற்குக் கீழ்ப்படி என்று வற்புறுத்தினார். செல்டன்ஹாம் கல்லூரித் தலைவி டோரதியா பீல் அம்மையாரோ பொறுமையாகக் கேட்டு, கடிதத்துக்குக் கடிதம் யோசித்துப் பதில் எழுதினார். இதை வாசித்தபோது பாலாற்றுப் பாலமும் என் அதட்டலும் ஞாபகத்துக்கு வந்தது. அதற்கு மேல் படிக்க முடியாமல் புத்தகத்தை மூடிவிட்டு அழுதேன்.

மதத்தைக் கண்டவர் மீட்பரைக் கண்டார்

1886-ல் அமெரிக்கா போய்த் திரும்பினவர், 1889 மார்ச் 11 அன்று பம்பாயில் பால்ய விதவைகளுக்காக சாரதா சதன் என்ற இல்லத்தைத் தொடங்கினார். பிறகு அது பூனாவுக்கு மாறியது. எவ்வளவு பெரிய சேவை! ஆனாலும் உள்ளே வெறுமை. ஹாஸ்லம் என்ற இங்கிலாந்து போதகர், தாம் போதகரான பிறகே இரட்சிக்கப்பட்டதைச் சாட்சியாக எழுதியிருந்தார். அதை வாசித்தபோது அம்மையாருக்கும் கண் திறந்தது. தாம் கண்டது கிறிஸ்தவ மதத்தைத்தான், கிறிஸ்துவை அல்ல என்று உணர்ந்தார். 1891-ல் தம் கல்வியையும் நற்செயலையும் கீழே வைத்துவிட்டு, வெறுங்கையோடு மீட்பரிடம் வந்தார்.

1896-97 பஞ்சத்தில் மத்திய மாகாணத்திலிருந்து நூற்றுக்கணக்கான பெண்களைச் சேர்த்துக்கொண்டு வந்தார். பூனாவுக்கு அருகே கெட்காவில் முக்தி இல்லம் எழும்பியது. 1900-ல் குஜராத் பஞ்சம் வந்தபோது அங்கே ஏறக்குறைய 2,000 பேர். கெடுக்கப்பட்டு வீட்டார் கைவிட்ட பெண்களுக்கென்று கிருபா சதன் என்று தனி வீடு வைத்தார். செவிலி என்றால் பெறாத பிள்ளையை வளர்க்கிற தாய் அல்லவா? அம்மையார் அப்படிப்பட்ட செவிலித் தாய்.

1905 ஜனவரியில் எழுப்புதலுக்காக ஜெபிக்க ஒரு குழுவை ஏற்படுத்தினார். 70 பேரில் ஆரம்பித்து 550 ஆனது. ஜூன் 29 அன்று ஆவியானவர் வல்லமையாய் இறங்கினார். ஒரு பெண்மேல் அக்கினியைக் கண்ட மேட்ரன் ஓடிப்போய் வாளியில் தண்ணீர் கொண்டுவந்தாராம். ஊற்றப் போகும்போதுதான் அது எரிக்கிற நெருப்பு அல்ல என்று தெரிந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் அசுசா தெரு எழுப்புதல் 1906-ல். முக்தியில் அதற்கு முந்தின வருஷமே! அங்கே ஊழியம் செய்த மின்னி ஆப்ராம்ஸ் அம்மையார் எழுதின சிறு புத்தகம் தென் அமெரிக்காவில் சிலி தேசம் வரைக்கும் எழுப்புதல் நெருப்பைக் கொண்டுபோனது.

கடைசி 18 வருஷங்கள் அம்மையார் எபிரெயுவும் கிரேக்கும் கற்று, கிராமத்துப் பெண்களுக்கும் புரியும்படி வேதம் முழுவதையும் எளிய மராத்தியில் மொழிபெயர்த்தார். முக்தியின் பெண்களே அச்சுக் கோத்தார்கள். 1921-ல் மகள் மனோரமா மரித்தார். அந்தத் துக்கத்திலும் வேலையை விடவில்லை. வேலையை முடித்து 1922 ஏப்ரல் 5 அன்று கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். சில்சாரில் லூக்காவைப் பாதி புரிந்தும் புரியாமலும் வாசித்த அதே பெண், முடிவில் அதே லூக்கா முதலாம் அதிகாரத்தைத் தம் கையால் எழுதி ஏழைப் பெண்களுக்குக் கொடுத்தார். தேவன் எவ்வளவு பொறுமையுள்ளவர் பாருங்கள்!

கன்னிப் பிறப்பு நமக்குச் சொல்லுகிறது என்ன?

நானும் லூக்கா முதலாம் அதிகாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு, பாஸ்டர் ஐயாவிடம் கேட்டுக் கேட்டுப் படித்தேன். கற்றுக்கொண்டதைச் சொல்லுகிறேன்.

முதலாவது, என் மகள் கேட்ட கேள்வியை முதலில் கேட்டது மரியாள்தான்! புருஷனை அறியாத தனக்கு இது எப்படி நடக்கும் என்று தூதனிடமே கேட்டாள் (லூக்கா 1:34). தூதன் அதட்டவில்லை, விளக்கம் சொன்னான். பிள்ளை எப்படி உருவாகும் என்பது அந்தக் காலத்து ஜனங்களுக்கும் தெரியும். யோசேப்புக்கும் தெரிந்திருந்தபடியால்தானே அவளை ரகசியமாய்த் தள்ளிவிட நினைத்தான் (மத்தேயு 1:19). இயற்கையாக நடக்காது என்று தெரிந்தேதான் அற்புதம் என்றார்கள்.

இரண்டாவது, இது தேவர்கள் மானிடப் பெண்ணைச் சேர்ந்ததாகச் சொல்லும் கிரேக்கக் கதை போன்றதல்ல. ஆவியானவர் மரியாள்மேல் நிழலிட்டார் (லூக்கா 1:35). கிரேக்க வேதத்தில் ஆசரிப்புக் கூடாரத்தின்மேல் மேகம் தங்கினதற்கும் இதே வார்த்தைதான் (யாத்திராகமம் 40:35). படைப்பின் ஆதியில் ஜலத்தின்மேல் அசைவாடின ஆவியானவர் ஒரு புதிய படைப்பைத் தொடங்கினார். தாம்பத்தியம் அசுத்தம் என்று இதற்கு அர்த்தமில்லை. மணவாழ்வைத் தந்தவரும் தேவனே.

மூன்றாவது, ஏசாயா 7:14-ல் உள்ள எபிரெய வார்த்தை அல்மா. அதற்கு மணவயதுள்ள இளம்பெண் என்று பொருள். கிறிஸ்துவுக்கு முன்னே யூதர்கள் கிரேக்கில் மொழிபெயர்க்கும்போது கன்னி என்று பொருள்படும் பார்த்தெனோஸ் என்று போட்டார்கள். மத்தேயு அதையே எடுத்துக்கொண்டார். இந்த ஒரு வார்த்தையை வைத்துப் படித்தவர்கள் வாதாடுவதுண்டு. ஆனால் லூக்கா அந்த வசனத்தை எடுத்துக் காட்டாமலே அதே செய்தியைச் சொல்லுகிறார். நம் விசுவாசம் ஒரு சொல்லின்மேல் மட்டும் நிற்கவில்லை.

நான்காவதுதான் எல்லாவற்றுக்கும் மேலானது. மனுஷனுடைய பலமோ சித்தமோ அந்தக் குழந்தையைக் கொண்டுவரவில்லை. இரட்சிப்பு முழுவதும் தேவனிடத்திலிருந்து வந்தது. மரியாள் கொடுத்தது விருப்பமுள்ள ஒரு இருதயம், அவ்வளவுதான். ஆபிரகாமின் மகன் என்றாலும், தாவீதின் குமாரன் என்றாலும், அவரை நம் ஜாதியின் சாதனை என்று யாரும் மார்தட்ட முடியாது. அம்மையார் 1891-ல் வெறுங்கையோடு வந்தாரே, அதுவும் இதே பாடம். நாம் மறுபடியும் பிறப்பதும் இப்படித்தான், மாம்சத்தினால் அல்ல, ஆவியினால் (யோவான் 1:13, 3:6).

தேவனும் மனுஷனும் ஒருவரில் எப்படி என்று கேட்டால் எனக்குத் தெரிந்த தறியைத்தான் காட்டுவேன். நம்ம காஞ்சிபுரம் பட்டில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். கரையைத் தனியாக நெய்து ஒட்டுப்போட்டுத் தைப்பதில்லை. ஒவ்வொரு இழையிலும் கோர்வை போட்டு ஒரே புடவையாக நெய்கிறோம். இழுத்தாலும் பிரியாது. நிறமும் ஒன்றோடொன்று கலந்து கெடாது. இது ஒரு நிழல்தான், முழு உவமையல்ல. ஆனாலும் மரியாளிடம் மாம்சம் எடுத்தவர் உண்மையான மனுஷன், பாலுக்கு அழுதவர். அவரே மரியாளுக்கு முன்னும், உலகத்துக்கு முன்னும் இருந்த வார்த்தை. நம்மைப்போல் இருக்கிறபடியால் நம் வேதனை தெரியும். தேவனாயிருக்கிறபடியால் இரட்சிக்க முடியும்.

முடிவாக ஒரு வார்த்தை

கோர்வைப் புடவைக்கு ஒரு ஆள் போதாது. மறுகரைக்கு நாடா போட இன்னொருத்தர் பக்கத்தில் உட்காரணும். முன்னெல்லாம் லீவு நாட்களில் என் மகள்தான் உட்காருவாள். பொங்கலுக்குப் பிறகு அந்த இடத்தில் என் மனைவி.

போன மாதம் ஒரு சனிக்கிழமை அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். தகப்பன் மகளிடம் மன்னிப்புக் கேட்பதா என்று என் மாம்சம் எவ்வளவோ தடுத்தது. நீ கேட்டது தப்பில்லம்மா, நான் அதட்டினதுதான் தப்பு என்றேன். மரியாளும் கேட்டாள் என்று சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வந்து மறுகரைப் பக்கம் உட்கார்ந்து நாடாவை எடுத்தாள். ராத்திரி ரமாபாய் அம்மையாரின் புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். இன்னும் சபைக்கு வரவில்லை. நான் அவசரப்படுத்தவில்லை. அம்மையாருக்கு எட்டு வருஷம் காத்திருந்த ஆண்டவர் என் பிள்ளைக்கும் காத்திருப்பார்.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டில் கேள்வி கேட்கிற பிள்ளைகள் உண்டா? அதட்டாதிருங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, கூட உட்கார்ந்து வேதத்தைத் திறவுங்கள். கேள்விகளோடு வந்த ஒரு பெண்ணைக் கொண்டுதான் கர்த்தர் நம் தேசத்தில் பெரிய எழுப்புதலைத் தந்தார். எங்கள் வீட்டுக்காகவும் உங்கள் ஜெபங்களில் தயவாய் நினைத்துக்கொள்ளுங்கள்.

கர்த்தருடைய நாமத்திற்கே மகிமை உண்டாவதாக. ஆமென்.